டெல்லிக்குப் பத்தொன்பது டம்ளர்

பெங்களூரிலிருந்து டெல்லிக்கு ஆகாய மார்க்கமாக எவ்வளவு தூரம் என்று போன மாதம் ஓசூர் கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் என்னைக் கேட்டார். கிழவனின் வாயைக் கிளறிப் பார்க்கத்தான். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் வாரத்துக்கு ஒருநாள் அங்கே போய் உட்கார்ந்து, யாரும் கேட்காத யோசனைகளைச் சொல்லிவிட்டு வருவது என் வழக்கம். “பத்தொன்பது டம்ளர் எலுமிச்சை ஜூஸ்” என்றேன். அவர் கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டர் கூரையைப் பார்த்தார். பெரியவருக்கு வெயில் ஏறிவிட்டது என்று இருவரும் பேசாமலே முடிவு கட்டியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த முடிவை மாற்றத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இப்போது காளையின் விந்து என்றால் பால் கேன் மாதிரி ஒரு பாத்திரம், அதற்குள் புகை கக்கும் திரவ நைட்ரஜன், அதற்குள் மெல்லிய குழல்கள். வருஷக்கணக்கில் கெடாது. காளை செத்துப் போன பிறகும் கன்று பிறந்துகொண்டே இருக்கும். ஐம்பதுகளில் அந்தக் கதையெல்லாம் கிடையாது. காலையில் எடுத்ததை ஐஸில் வைத்து ஓட வேண்டும். ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர்ந்தால் கன்று. சேராவிட்டால் வெறும் தண்ணீர்.

ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு கால்நடைப் பண்ணையில் நான் ஸ்டாக்மேனாக, அதாவது மாட்டு டாக்டருக்குக் கையாளாக, சேர்ந்தேன். தற்காலிகப் பதவி. பயிற்சியில் என்ன கற்றேன் என்று கேட்டால், மாட்டின் எந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்வேன். அதை எனக்குக் கற்றுக் கொடுத்தது புத்தகம் அல்ல, மாடு. மற்றதைக் கற்றுக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் காளைக்காரர் முனியப்பா. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ், காளையிடம் மூன்றும் கலந்து பேசுவார். இன்னொருவர் எங்கள் மேலதிகாரி டாக்டர் வைத்தியலிங்கம்.

முனியப்பாவின் பொறுப்பில் இருந்தது ஒரு செக்கச்செவேலென்ற சிந்தி இனக் காளை. பெயர் ஜமீன்தார். நாடு முழுக்க ஜமீன்களை ஒழித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஜமீன்தாருக்கு மட்டும் வேளை தவறாமல் கொள்ளு, பருத்திக்கொட்டை, குளியல், காலைநடை எல்லாம் அரசாங்கச் செலவில் நடந்தது. வாரத்தில் இரண்டு நாள் அவரிடமிருந்து விந்து எடுப்போம். பண்ணையில் அதற்கு ‘வசூல்’ என்று பெயர். ஜமீன்தாரிடமே வசூல் செய்கிறவர்கள் நாங்கள்தான் என்று முனியப்பாவுக்கு ஏகப் பெருமை.

டாக்டர் வைத்தியலிங்கம் ஒல்லியான மனிதர். கஞ்சி போட்ட அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை. குரல் மட்டும் ஆளைவிட மூன்று மடங்கு பெரிது. எந்த வேலையிலும் ஒவ்வொரு படிக்கும் முன்னால் நிறுத்தி, “ஆட்சேபம் உண்டா?” என்று கேட்பார். சுற்றி நிற்கிற எல்லோரும் சத்தமாக, “இல்லை, டாக்டர்” என்று சொல்ல வேண்டும். ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி, சூடு பார்த்தபின் ஒருமுறை. கண்ணாடிக் குழாயைப் பொருத்தியபின் ஒருமுறை. எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, முட்டை மஞ்சள் கருவும் மருந்து நீரும் கலப்பதற்கு முன் ஒருமுறை. தலையாட்டினால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

“தலையாட்டுறது மாடு. மனுஷன்னா வாயால சொல்லணும்” என்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் தெரியாமல் தலையாட்டிவிட்டேன். ஜமீன்தார் உற்சாகத்தின் உச்சியில் முன்னங்கால் இரண்டையும் தூக்கிவிட்டார். டாக்டர் வசூலை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருந்த முனியப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. “யப்பா தம்பி, இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைப்பா! இவன் உனக்காக நிக்கமாட்டான்!” என்று கத்தினார். நான் சொல்வதற்குள் ஜமீன்தார் மனம் மாறி இறங்கிவிட்டார். அன்றைய வசூல் போயிற்று. அதற்கப்புறம் அந்தப் பண்ணையில் யார் கேட்டாலும் வாயைத் திறந்து பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். கிருஷ்ணகிரியில் ஒரு மிஷன் பள்ளி ஹெட்மாஸ்டரின் மகள். பெயர் லூர்து மேரி. அவளும் அதே ஊரில் டீச்சர். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்திருக்க வேண்டும்; காபி கொடுக்கும்போது சிரித்தாள். ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை.

“தம்பிக்கு உத்தியோகம் என்னன்னு சொன்னாங்க?”

“கால்நடைத் துறைங்க சார்.”

“அதுல என்ன வேலை?”

சபையில் பெண்கள் இருந்தார்கள். என்ன சொல்வது? “இன விருத்திங்க சார்” என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கேட்டார் பாருங்கள், அதுதான் குடைச்சல்.

“பர்மனென்டா?”

இல்லை என்றேன். மாட்டு வேலை என்பதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். தற்காலிகம் என்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஆனாலும் பெரியவர்கள் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். எங்கள் கிறிஸ்தவ வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் அறிவிப்பார். பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர், கழிந்து ஓலை வாசிக்கத் தொடங்கலாம் என்று ஹெட்மாஸ்டர் ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

“மூணாம் ஓலைக்குள்ள வேலை பர்மனென்ட் ஆவணும் தம்பி. ஆவலைன்னா, நானே எழுந்து நின்னு விக்கினம் இருக்குதுன்னு சொல்லிப்புடுவேன்.”

சொன்னால் செய்கிற மனிதர். கிருஷ்ணகிரியில் பாதிப் பேருக்கு அவர் பிரம்பு பழக்கம்.

என் வேலை நிரந்தரம் ஆவது யார் கையிலும் இல்லை, டெல்லியில் இருந்த ஒரு பசுவின் வயிற்றில் இருந்தது. அங்கே ஒரு பண்ணையில் நல்ல சிந்திப் பசுக்கள் இருந்தன. அவற்றுக்கு ஏற்ற காளை இல்லை. ஜமீன்தாரை ரயிலேற்றினால் இளைத்துப் போவார். விந்தை மட்டும் விமானத்தில் அனுப்பினால் என்ன என்று எங்கள் டாக்டர் மேலிடத்துக்கு எழுதினார். ‘ஒரு பசுவுக்குச் செய்து பாருங்கள். அந்தப் பசு மறுபடி பருவத்துக்கு வரவில்லை என்று முதல் தகவல் வந்தாலே போதும், உங்கள் பிரிவைத் தொடர்ந்து நடத்தலாம், ஆட்களையும் நிரந்தரமாக்கலாம். இல்லையென்றால் மூடிவிடலாம்’ என்று பதில் வந்தது. பசுவுக்குச் சினை பிடிக்காவிட்டால் மூன்று வாரத்தில் மறுபடி பருவம் வரும். பசு ‘திரும்பிவிட்டது’ என்போம் நாங்கள். எனக்கும் மூன்று ஞாயிறு, அவளுக்கும் மூன்று வாரம். யார் போட்ட முடிச்சோ!

டாக்டர் அறையில் இந்தியா மேப் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பெங்களூரில் ஒரு குண்டூசி, டெல்லியில் ஒரு குண்டூசி, நடுவில் சிவப்பு நூல். நூலை எடுத்து ஸ்கேலில் வைத்து அளந்தார். ஆயிரம் மைலுக்குச் சற்று மேல். விமானத்தின் வேகத்தால் வகுத்தார். அந்த நேரத்துக்கு எவ்வளவு ஐஸ் தாங்கும் என்று அடுப்பு மூட்டிய கொட்டகையில் தெர்மாஸ் குடுவையை வைத்தே சோதித்தார். எல்லாம் சரியாக வந்தது.

“காக்கா பறக்கற தூரம்தான். நேர் கோடு. ஆட்சேபம் உண்டா?”

“இல்லை, டாக்டர்” என்றோம். முனியப்பா மட்டும் மெதுவாக, “காக்காகூட பசிச்சா வழியில எறங்கும் சாமி” என்றார். டாக்டர் அதை ஆட்சேபமாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களில் ஒருவர்கூட அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஏறினால் நேரே போய் இறங்கும் என்றுதான் மனப்பூர்வமாக நம்பினோம்.

யார் போவது என்ற கேள்வி எழுந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். “உனக்குத்தான் இன்னும் கல்யாணம் ஆகலை. ஏதாவது ஒண்ணுன்னா சர்க்காருக்குச் செலவு இல்லை.” போக விமானம், வர ரயிலில் மூன்றாம் வகுப்பு. விமானம் குடுவைக்குத்தானாம், எனக்கு இல்லையாம்.

டெல்லிப் பசுவின் நாளைக் கணக்குப் பார்த்து டிக்கெட் எடுத்தார்கள். அன்று விடிகாலையிலேயே வசூல். ஜமீன்தாரும் நிலைமை புரிந்தவர் போல நடந்துகொண்டார். கலந்ததை மெதுவாகக் குளிரவைத்து, குழாயைப் பஞ்சிலும் துணியிலும் சுற்றி, ஐஸ் நிரம்பிய குடுவைக்குள் இறக்கினோம். ஐஸ் நேராகப் பட்டாலும் செத்துவிடும், ஐஸ் இல்லாவிட்டாலும் செத்துவிடும். அவ்வளவு நாசூக்கான சரக்கு. டாக்டரே ஜீப்பை ஓட்டிக்கொண்டு பெங்களூர் விமான நிலையத்தில் என்னை இறக்கிவிட்டார். குடுவையை என் மடியில் வைத்து, “இது உன் பொறுப்பு. ஆட்சேபம்?” என்றார். “இல்லை, டாக்டர்” என்றேன். மனசுக்குள் மட்டும் ஏராளமான ஆட்சேபம் இருந்தது.

விமானம் கிளம்பிக் காது அடைத்து, காது திறப்பதற்குள் ஹைதராபாத்தில் இறங்கியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து சீட்டில் டெல்லியில் குடியேறிய ஒரு தமிழ் அம்மாள், கையில் கம்பளி நூலும் ஊசியுமாக உட்கார்ந்திருந்தார். “டெல்லி வந்துடுச்சுங்களா?” என்று கேட்டேன். அவர் ஊசியை நிறுத்திவிட்டு, “இல்லப்பா, இது நின்னு நின்னுதான் போகும். அடுத்து நாக்பூர்” என்றார். நாங்கள் அத்திப்பள்ளியில் நின்று, சந்தாபுரத்தில் நின்று பெங்களூர் போகிற பஸ் மாதிரிதான் அதுவும். சிவப்பு நூலில் ஸ்டாப்பிங் போட்டிருக்கவில்லை.

நாக்பூரில் இறங்கியதும் இன்ஜினில் ஏதோ கோளாறு என்று எங்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்தார்கள். மே மாதத்து நாக்பூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி என்றார்கள், ஒரு மணி என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. குடுவையை மெதுவாக ஆட்டிப் பார்த்தேன். காலையில் கடகடவென்ற ஐஸ் இப்போது களக் களக் என்றது. எனக்குக் கண்ணில் தெரிந்தது பசு அல்ல. கோயிலில் முதல் வரிசையிலிருந்து எழுந்து நிற்கிற ஹெட்மாஸ்டர்தான்.

காத்திருக்கிறவர்களுக்கு விமானக் கம்பெனி செலவில் எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள். டம்ளருக்குள் இரண்டு துண்டு ஐஸ் மிதந்தது. எனக்கு உயிர் வந்தது. மடக்கென்று குடித்துவிட்டு ஐஸை எடுத்துக் குடுவைக்குள் போட்டேன். இன்னொன்று கேட்டேன். அப்புறம் இன்னொன்று. ஏழாவது டம்ளரில் வெயிட்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தான். வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது, இருமினால் ஜூஸ் வரும் போலிருந்தது. எட்டாவதை என்னால் வாயருகே கொண்டு போக முடியவில்லை.

எதிரே பெரிய மீசை வைத்த ஒரு பஞ்சாபி மேஜர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், ஆரம்பத்திலிருந்தே என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். இந்தியில் ஏதோ கேட்டார். எனக்கு இந்தி சுத்தமாக வராது. கம்பளி நூல் அம்மாள்தான் தமிழில் சொன்னார்.

“அந்தக் குடுவைக்குள்ள என்ன இருக்குன்னு கேக்கறார்.”

இனி மறைத்துப் பயனில்லை. காளை, பசு, டெல்லி, ஐஸ் எல்லாவற்றையும் சொன்னேன். அதோடு நிற்காமல் ஹெட்மாஸ்டரையும் மூன்றாம் ஓலையையும் சொன்னேன். அம்மாளின் முகம் சிவந்துபோயிற்று. கூடம் நிறைய ஆண்கள். எந்த வார்த்தையைச் சொல்வார் பாவம்! கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையை நிமிர்த்தி மேஜரிடம் இந்தியில் ஒரே வாக்கியம் சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு எனக்கும் சொன்னார்: “டெல்லியில ஒரு பசுவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இந்தக் குடுவைக்குள்ள இருக்கார்.”

மேஜர் அந்தக் கூடமே அதிரச் சிரித்தார். எழுந்து நின்று என் குடுவைக்கு ஒரு சல்யூட் வைத்தார். ஊரில் எருமைகள் வைத்திருக்கிறவராம். திரும்பி எல்லோரையும் பார்த்து உரக்க ஏதோ சொன்னார். அம்மாள் மொழிபெயர்த்தார்.

“நாமெல்லாம் இப்போ மாப்பிள்ளை வீட்டுக்காரங்களாம். மொய் எழுதாம யாரும் போகக் கூடாதாம்.”

மொய் எழுதினார்கள் ஐயா. அலுத்துப்போய்க் கிடந்த கூட்டத்துக்குக் கல்யாணம் கிடைத்ததில் அப்படி ஒரு குஷி. கோட்டுப் போட்ட ஒரு சேட் தன் டம்ளரிலிருந்து கரண்டியால் ஐஸை எடுத்துப் பவ்யமாகப் போட்டார். ஒரு புதுத் தம்பதி ஜோடியாக வந்து போட்டார்கள். ஜூஸே வேண்டாம் என்றிருந்தவர்களைக்கூட மேஜர் மிரட்டி வாங்க வைத்து ஐஸைப் பறித்தார். வெயிட்டர் கடைசியில் விஷயம் தெரிந்து, உள்ளே போய்ப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கட்டி ஐஸை உடைத்துக் கொண்டு வந்து டம்ளரில் வைத்து நீட்டினான். என் ஏழையும் சேர்த்து அதுதான் பத்தொன்பதாவது டம்ளர். குடுவை மறுபடி கடகட என்றது.

டெல்லியில் இறங்கியபோது இருட்டிவிட்டது. அங்கத்திய டாக்டர் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, “ரொம்பக் களைப்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் வேலைக்கு வருவார்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். பசுவுக்குச் சினை ஊசி போட்டார்கள். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் அவள் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ரயிலேறினேன்.

ஊர் வந்ததும் முதல் ஓலை வாசித்தார்கள். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. அன்று கிருஷ்ணகிரிக் கோயில் வாசலில் லூர்து மேரி தன் அம்மாவுக்கு இரண்டடி பின்னால் நடந்து வந்து, செருப்பு மாட்டுகிற சாக்கில் என்னிடம் பேசினாள்.

“டெல்லியிலேர்ந்து தகவல் ஏதாச்சும் வந்துச்சா?”

“இன்னும் இல்ல.”

“வனத்து அந்தோனியாருக்கு தெனம் மெழுகுவத்தி ஏத்தறேன். மாட்டுக்கெல்லாம் அவருதானே பாதுகாவலரு. என்ன வேண்டுதலுக்குன்னு மடத்து சிஸ்டர் கேக்கறாங்க. நான் என்னான்னு சொல்லட்டும்?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அவள் மேல் இருந்த பிரியம் அன்று இரட்டிப்பானது.

மூன்றாம் ஞாயிறு வந்தது. தகவல் வரவில்லை. ஹெட்மாஸ்டரிடம் ஒரு வாரம் தவணை கேட்கலாம் என்று முந்தின நாளே கிருஷ்ணகிரிக்குப் போனேன். “மூணுன்னா மூணு” என்றார். காலையில் பூசை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஹெட்மாஸ்டர் முதல் வரிசையில், சலவை வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர், தாடிக்காரர். அவர் தமிழ் கொஞ்சம் உருண்டு உருண்டு வரும். ஓலையை எடுத்தார். ஓசூர் ஆரோக்கியசாமிக்கும் கிருஷ்ணகிரி லூர்து மேரிக்கும், இது மூன்றாம் ஓலை என்றார்.

“இவர்கள் விவாகத்துக்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள், தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.”

ஹெட்மாஸ்டரின் முழங்கால் அசைந்தது. கை பெஞ்சை ஊன்றியது. மெதுவாக எழ ஆரம்பித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஆட்சேபம் இல்லை!”

கோயில் ஓடு அதிர்ந்தது. அந்தக் குரல் எனக்கு எங்கே கேட்டாலும் தெரியும். திரும்பினேன். வாசல்படியில் புழுதி படிந்த அரைக்கால் சட்டையோடு டாக்டர் வைத்தியலிங்கம் நின்றார். பக்கத்தில் தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி முனியப்பா. முந்தின நாள் மாலை தந்தி வந்திருக்கிறது. நான் ஊரில் இல்லை. மூன்றாம் ஓலை விஷயத்தை முனியப்பா டாக்டரிடம் சொல்ல, காலையில் ஜீப்பைக் கிளப்பிச் சூளகிரி வழியாகப் பறந்து வந்திருக்கிறார்கள். வாசலில் கால் வைக்கும் நேரத்தில் உள்ளே யாரோ ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் டாக்டரால் அதைப் பொறுக்க முடியுமா?

“ஆட்சேபம் இல்லை” என்றார் மறுபடி. “டெல்லிப் பசு திரும்பலை!”

சாமியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். “எந்தப் பசு?” என்றார்.

“செனை நின்னுட்சு சாமீ!” என்று முனியப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “இந்தப் புள்ளைக்கு வேலையும் நின்னுட்சு, பர்மனென்டா!”

பெண்கள் பக்கம் முதலில் ஒரு கிளுகிளுப்பு, பிறகு அடக்க முடியாத சிரிப்பு. இந்தக் களேபரத்தில் ஹெட்மாஸ்டரை எல்லோரும் மறந்துவிட்டோம். அவர் பாதி எழுந்த நிலையில், உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் வளைந்து நின்றுகொண்டிருந்தார். சாமியார்தான் கவனித்தார்.

“ஹெட்மாஸ்டர், நீங்கள் ஏதும் சொல்ல வேண்டுமா?”

ஹெட்மாஸ்டர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“தலையாட்டினா போதாது” என்றது வாசலிலிருந்து குரல். “வாயால சொல்லணும்.”

ஊரையே பிரம்பால் பேச வைத்தவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கெட்டிக்காரப் பையன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, “ஆட்சேபம் இல்லை” என்றார்.

கல்யாணம் நடந்தது. டெல்லியில் கிடாரிக் கன்று பிறந்தது. நாக்பூர் என்றே அதற்குப் பெயர் வைத்ததாகச் சொன்னார்கள். எங்கள் மூத்தவள் அதற்குக் கொஞ்ச நாள் கழித்துப் பிறந்தாள். எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் தலையாட்டிப் பதில் சொல்ல முடியாது.

ஒன்று மட்டும் எனக்கு வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. கல்யாணமான கொஞ்ச நாளில் லூர்து மேரியிடம் கேட்டேன். “அன்னிக்கு அந்த மாடு திரும்பியிருந்தா என்ன ஆயிருக்கும்? உங்கப்பா எழுந்துருப்பாரு இல்ல?”

“எழுந்துருப்பாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, விக்கினம் ஒண்ணும் இல்லேன்னு சொல்ல நானும் எழுந்துருப்பேன். எல்லாரும் எங்கப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. பொம்பளைங்க பக்கம் ஒருத்தராச்சும் திரும்பிப் பாத்தீங்களா? நானும் பாதி எழுந்துதான் நின்னேன்.”

எனக்கு நாக்பூர் கூடமும் வயிற்று வலியும் நினைவுக்கு வந்தன.

“அப்போ நான் குடிச்ச ஜூஸெல்லாம்?”

“அது அந்த டெல்லிக்காரிக்கு” என்றாள். “எனக்காக ஒரு டம்ளர்கூட நீங்க குடிச்சிருக்க வேண்டியதில்ல.”